கணவாய்க்கு ஒரு விசில்

போன சனிக்கிழமை காலைல பல்லு விளக்கும்போது ஒரு முடிவெடுத்தேன். இன்னிக்கு ராத்திரிக்குள்ள நான் தோத்தே ஆகணும். அதுவும் சும்மா தோத்தா பத்தாது. சாட்சியோட, யாரும் மறுபேச்சு பேச முடியாத மாதிரி தோக்கணும். ஜெயிக்கப் பாடுபட்டுத் தோத்தவங்களை நீங்க நிறையப் பாத்திருப்பீங்க. தோக்கிறதுக்கே பாடுபட்டவன் ஒரகடம் வட்டாரத்துல நான் ஒருத்தன்தான்.

என் பேரு பிச்சையா. சொந்த ஊரு சங்கரன்கோயில் பக்கம். இங்க சிப்காட்டுல காருக்கு ரப்பர் புஷ், அதான் அதிர்வு தாங்குற ரப்பர் வளையம், செய்ற கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அடுத்தவன் செஞ்ச பொருள்ல குத்தம் கண்டுபிடிச்சு, ரிஜெக்ட்னு சொல்லிச் சிவப்பு ட்ரேயில தூக்கிப் போடணும், அதுக்குத்தான் சம்பளம். நான் லைன் பக்கம் நடந்து போனா ஆப்பரேட்டருங்க முகம் வாடும். வீட்டுக்கு வந்தா என் முகம் வாடும். அங்க இன்ஸ்பெக்டர் என் பொண்டாட்டி சந்தனமாரி. பொருள் நான்.

சந்தனமாரி தூத்துக்குடிக்காரி. ஸ்ரீபெரும்புதூர்ல செல்போன் செய்ற கம்பெனியில வேலை. போன மாசம் வரைக்கும் ரெண்டு பேருக்குமே ஃபர்ஸ்ட் ஷிப்ட். மூணு மணிக்கெல்லாம் வடக்குப்பட்டுல எங்க வாடகை வீட்டுக்கு வந்துருவோம். அவ அடுப்படிக்குப் போவா. நான் மகாராஜா ரூமுக்குப் போவேன்.

மகாராஜான்னதும் அரண்மனையை நினைச்சுக்காதீங்க. அவன் என் ஊர்க்காரன், என் கம்பெனிதான், ரெண்டு தெரு தள்ளி நாலு பேரோட ஒரே ரூம்ல கிடக்கான். அந்த ரூம்ல ஒரு கேரம் போர்டு உண்டு. உள்ளதைச் சொல்றேன், அந்தப் போர்டு முன்னால உக்காந்தாத்தான் நான் மனுசன். கம்பெனியில நான் சொன்னா மேனேஜர் கேக்க மாட்டாரு. வீட்டுல நான் சொன்னா மிக்சி கூட ஓடாது. மகாராஜா ரூம்ல மட்டும் நான் ஸ்ட்ரைக்கரை எடுத்தா நாலு பேரும் மூச்சை அடக்கிக்கிட்டுப் பாப்பானுங்க. 'அண்ணே, அந்தச் செவப்பை எப்படிண்ணே போட்டீங்க'ன்னு கேப்பானுங்க. அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் நாள் பூரா ரப்பர் நாத்தத்தைச் சகிச்சுக்கிட்டு இருக்கேன்.

அதுக்குத்தான் வேட்டு வந்துச்சு. சந்தனமாரியை லைன் லீடர் ஆக்கிட்டாங்க. இனிமே ஜெனரல் ஷிப்ட். கம்பெனி பஸ் அவளை இறக்கிவிட ராத்திரி ஏழு ஆயிரும். சந்தோசமான விசயம்தான், நானும் இனிப்பு வாங்கிட்டு வந்தேன். அந்த இனிப்பை வாயில போட்டுக்கிட்டே அவ சொன்னா, "இனி ராத்திரிச் சாப்பாடு உங்க பொறுப்பு. சாயங்காலம் பூரா சும்மாதான இருக்கிய."

கேரம் ஆடுறது அவ கணக்குல சும்மா இருக்கிறது.

எனக்குச் சமைக்கத் தெரியாதேன்னு சொன்னேன். பழகிக்கிடலாம்னா. கைக்கு வராதேன்னேன். வரலைன்னா வர வைக்கலாம்னா. நான் விடல. நீயும் கம்பெனியில இருக்க, நானும் கம்பெனியில இருக்கேன். புது ஆளை எடுத்த எடுப்புலயே லைன்ல நிறுத்துவாங்களா, முதல்ல ட்ரையல் பாக்க மாட்டாங்களான்னு கேட்டேன். எதுக்கும் கொஞ்ச நாள் தள்ளிப்போகுமேன்னு கேட்டதுதான். அவ உடனே பிடிச்சுக்கிட்டா. சரி, சனிக்கிழமை ட்ரையல். சாப்பாடு ஓகே ஆயிருச்சுன்னா திங்கக்கிழமையில இருந்து மாஸ் ப்ரொடக்‌ஷன். ரிஜெக்ட் ஆச்சுன்னா உங்களை விட்டுருதேன், தங்கமாரி அக்கா மெஸ்ல சொல்லி ராத்திரிக்குக் கேரியர் எடுத்துக்கிடலாம்னா.

எனக்குக் காதுல தேன் பாஞ்ச மாதிரி இருந்துச்சு. ரிஜெக்ட் எப்படி ஆகும்னு எனக்கா தெரியாது. பத்து வருசமா அதைத்தானே தின்னுக்கிட்டு இருக்கேன்.

ஒரே ஒரு சிக்கல். அவளே தின்னு பாத்து அவளே தீர்ப்பு சொன்னா, வேணும்னே ஓகேன்னு சொல்லிருவா. சோறு குழைஞ்சிருந்தாலும் அமிர்தம்னுருவா, அவ காரியம் ஆகணும்ல. அதனால வெளியாள் ஒருத்தர் வந்து பாக்கணும்னு கண்டிஷன் போட்டேன். யாருன்னு கேட்டா. ஹவுஸ் ஓனர் காவேரி அக்கான்னேன்.

காவேரி அக்கா இந்த ஊர்க்காரங்க. எங்க போர்ஷனுக்கு மேல மாடியில இருக்காங்க. அவங்க வாயில இருந்து நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. கல்யாண வீட்டுல சாப்பிட்டு எந்திரிச்சு, பொண்ணோட அப்பா முகத்துக்கு நேரா 'சாம்பாரா அது, கை கழுவுன தண்ணி கணக்கா கீது'ன்னு சொன்ன ஆளு. நடுநிலைக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காதுன்னேன். சந்தனமாரி ஒரு நிமிசம் என்னையே பாத்தா. அப்புறம் சரின்னுட்டா.

வெள்ளிக்கிழமை ராத்திரி மெனுவைச் சொன்னா. கணவாய்க் குழம்பு, சோறு. குக்கர்ல வெச்சா அரை மணி நேர வேலைதான்னா. எங்க ஊருல கணவாய்னா மலைக்கு நடுவுல போற வழி. கடல்ல அந்தப் பேருல ஒரு பிராணி நீந்துதுன்னு கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை தாம்பரத்துல ஒரு ஓட்டல்ல அதைத் தின்னேன். தின்னேன்னு சொல்லக் கூடாது, மென்னேன். பில்லு வந்துச்சு, நான் மென்னுக்கிட்டு இருந்தேன். பஸ் ஏறினேன், அப்பவும் மென்னுக்கிட்டுதான் இருந்தேன். படப்பை வந்ததும்தான் தோத்துப்போயி ஜன்னலுக்கு வெளியே துப்பினேன்.

சந்தனமாரி செய்முறையை வரிசையாச் சொன்னா. படப்பை மார்க்கெட்ல நல்லாப் பெருசா, முழங்கை நீளத்துல ஒண்ணு வாங்கணும். கடைக்காரர்கிட்டயே சுத்தம் பண்ணி வளையம் வளையமா நறுக்கித் தரச் சொல்லணும். மசாலா அரைச்சு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு வதக்கணும். மசாலா, புளித்தண்ணி, கணவாய், உப்பு எல்லாம் போட்டு மூடணும். அப்புறம் என் கையைப் பிடிச்சு, பச்சைப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னா.

"ஒரு விசில். ஒண்ணே ஒண்ணுதான். வந்ததும் எறக்கிரணும். கூட விட்டிய, கணவாய் ரப்பர் ஆயிரும் பாத்துக்கோங்க."

ரப்பர்.

என்கிட்டப் போயி ரப்பர்னு சொல்லிட்டா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, அதுக்காகவே திரும்பிப் படுத்துக்கிட்டேன். எதிராளியே கேரம் போர்டுல செவப்பை ஓட்டைக்குப் பக்கத்துல நகத்தி வெச்சுட்டு, அடிங்க அண்ணேன்னு சொன்னா எப்படி இருக்கும்.

எங்க கம்பெனியில ரப்பரை அச்சுல வெச்சு, சூடும் அழுத்தமும் குடுத்து வேக வைப்போம். பதமா வெந்தா நல்ல ரப்பர். கூட வெந்தா வெறைச்சுக் கல்லாப் போகும். அந்தக் கல்லை எல்லாம் நான்தான் எடுத்துச் சிவப்பு ட்ரேயில போடுவேன். யோசிச்சுப் பாருங்க, குக்கர் மட்டும் என்ன? அதுலயும் சூடு, அதுலயும் அழுத்தம். எங்க கம்பெனியில கோடிக்கணக்குல மிஷின் வாங்கிச் செய்ற வேலையை எங்க அடுப்படியில அஞ்சு லிட்டர் குக்கர் செய்யுது. ஒரு விசில்ல பதம்னா, ரெண்டு விசில்ல ரப்பர். அதுக்கு மேல விட்டா, அதைக் கார்லயே மாட்டலாம்.

சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடியும்போது மகாராஜாகிட்ட விசயத்தைச் சொன்னேன். அவன் அவசரக் குடுக்கை. இதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு யோசனை, ரெண்டு கை உப்பை அள்ளிக் கொட்டுங்கன்னான். அவனுக்குப் புரியல. உப்பு கூடினா அது ஆளோட தப்பு. வேணும்னே செஞ்சிருக்காருன்னு சந்தனமாரி ஒரு நாக்குல கண்டுபிடிச்சு, மறு ட்ரையல் வைப்பா. மசாலா, உப்பு, புளி எல்லாம் துல்லியமா இருக்கணும். கணவாய் மட்டும் பல்லை உடைக்கணும். அப்பத்தான் அவரு என்னங்க பண்ணுவாரு, பொருளே சரியில்லைன்னு ஊரே எனக்காகப் பேசும். மகாராஜா அசந்துட்டான். அண்ணே, நீங்க எல்லாம் எங்கேயோ இருக்க வேண்டியவருன்னான். திங்கக்கிழமை சாயங்காலம் உன் ரூம்லதான்டா இருப்பேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.

படப்பையில கடைக்காரர் அந்தக் கணவாயைத் தூக்கிக் காட்டும்போதே எனக்குப் பாதி ஜெயிச்ச மாதிரி, இல்ல, பாதி தோத்த மாதிரி இருந்துச்சு. அவ்வளவு தடிப்பு. இதைவிட முத்தினது இருக்கான்னு கேட்டேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, எல்லாரும் இளசாக் கேப்பாங்க, நீ இன்னாப்பா இப்டி கேக்குறேன்னாரு. உள்ள இருந்து கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு முள்ளை உருவி எறிஞ்சுட்டு, வளையமா நறுக்கிக் குடுத்தாரு. ஒரு வளையத்தை எடுத்து இழுத்துப் பாத்தேன். சுருங்கி டப்புன்னு பழைய நிலைக்கு வந்துச்சு. எங்க கம்பெனிச் சரக்குல கூட இந்த இழுவை கிடையாது.

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பிச்சேன். சும்மா சொல்லக் கூடாது, வதக்குறதை வதக்கி, கரைக்கிறதைக் கரைச்சு, அவ சொன்ன வரிசையை ஒரு இம்மி பிசகாமச் செஞ்சேன். உப்பை நாக்குல வெச்சுப் பாத்துப் பாத்துப் போட்டேன். தண்ணி மட்டும் ரெண்டு சொம்பு கூட ஊத்தினேன். ரொம்ப நேரம் கொதிக்கப் போற பொருளு, அடிப்பிடிச்சா வால்வு பிச்சுக்கும். நான் தோக்கத்தான் ஆசைப்பட்டேன், சாக ஆசைப்படல.

குக்கர்னா எனக்கு உள்ளூரப் பயம்ங்கிறதையும் சொல்லிருறேன். அதனால கம்பெனி சேஃப்டி ஷூவைப் போட்டுக்கிட்டேன். கண்ணாடி மாட்டிக்கிட்டேன். கையுறை மாட்டிக்கிட்டேன். காதுல இயர் ப்ளக் ரெண்டையும் அடைச்சுக்கிட்டேன். கைலியோட சேஃப்டி ஷூ கொஞ்சம் பொருந்தாமத்தான் இருந்துச்சு, ஆனா பாதுகாப்புன்னு வந்துட்டா அழகு பாக்க முடியாது.

வெயிட் எம்பி, ஆவி பீச்சி முதல் விசில் வந்துச்சு. சந்தனமாரி சொன்ன விசில். அதுக்கு ஒரு கும்பிடு போட்டு வழியனுப்பினேன். ரெண்டாவது வந்துச்சு, இப்ப ரப்பர் ஆயிருச்சுன்னு சந்தோசப்பட்டேன். அஞ்சாவதுல நல்லா இறுகியிருக்கும்னு தோணுச்சு. இருந்தாலும் மிச்சம் வைக்கக் கூடாது பாருங்க, அரைகுறையா வெறைச்சு, மெல்ல முடியுதுன்னு காவேரி அக்கா சொல்லிட்டா என் வாழ்க்கை என்ன ஆகுறது. பத்து தாண்டினதும் எண்ணுறதை நிறுத்திட்டேன். ஸ்டூலைப் போட்டு உக்காந்து, போன்ல கேரம் வீடியோ பாத்தேன்.

எவ்வளவு நேரம் ஆச்சோ தெரியல. அடுப்படி ஜன்னல் கம்பிக்கு நடுவுல ஒரு விளக்குமாறு உள்ள வந்து என் தோளைக் குத்துச்சு. திரும்பினா காவேரி அக்கா. வாய் அசையுது, சத்தம் வரல. இயர் ப்ளக்கை உருவினேன். ரொம்ப நேரமாக் கதவைத் தட்டுறாங்களாம்.

"இன்னாப்பா, வூட்டுக்குள்ள ரயிலு வுட்டுக்கினு கீறியா? நானும் எண்ணிக்கினே கீறேன், நிக்கவே காணோம். இப்பத்தான் டைல்ஸ் ஒட்டிக் கீறேன்பா."

கணவாய் வேகுதுக்கான்னேன். அது இன்னா இரும்புலயா செஞ்சிருக்குன்னு கேட்டாங்க. அப்புறம் என் ஷூவைப் பாத்தாங்க, கண்ணாடியைப் பாத்தாங்க, நேராப் போயி வாசல்ல நின்ன அவங்க ஸ்கூட்டியை எடுத்துத் தெருக்கோடியில நிறுத்திட்டு வந்தாங்க.

நான் அடுப்பை அணைச்சேன். ஆவி அடங்கினதும் மூடியைத் திறந்தேன். குழம்பு சுண்டி, எண்ணெய் பிரிஞ்சு, சிவப்பா மினுமினுன்னு இருந்துச்சு. வாசனை தூக்கலாத்தான் இருந்துச்சு. அதுக்குள்ள வளையங்க எல்லாம் சுருங்கி, கெட்டியா, எங்க கம்பெனி புஷ் மாதிரியே உக்காந்திருந்துச்சு. எடுத்துக் கடிச்சுப் பாக்கலாமான்னு தோணுச்சு. ஆனா எங்க தொழில்ல ஒரு சட்டம் உண்டு. செஞ்சவனே செக் பண்ணக் கூடாது. மூடி வெச்சுட்டேன்.

ஏழு மணிக்குச் சந்தனமாரி வந்தா. முகம் கழுவினா, துணி மாத்தினா. வீட்டுக்குள்ள நுழைஞ்சதுல இருந்து மூக்கை உறிஞ்சி வாசனை பிடிச்சுக்கிட்டே இருந்தா. காவேரி அக்காவும் இறங்கி வந்தாங்க. மூணு பேரும் ஹால்ல வட்டமா உக்காந்தோம். நான் மெஸ் கேரியருக்கு எந்த அலமாரியில இடம் ஒதுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

பரிமாறுறதுக்கு முன்னாடி சந்தனமாரி என்னைப் பாத்துக் கேட்டா, "ஒரு விசில்தான விட்டிய?"

"ஒண்ணே ஒண்ணு."

காவேரி அக்கா டக்குன்னு நிமிந்து என்னைப் பாத்தாங்க. நான் அவங்களைப் பாத்து, அக்கா, குடும்பத்தைப் பிரிச்சுராதீங்கங்கிற மாதிரி கண்ணாலயே கெஞ்சினேன். அதுக்குள்ள சந்தனமாரி அவங்க தட்டுல குழம்பை ஊத்திட்டா. அக்கா ஒரு வளையத்தை ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சு, இது இன்னாடி சைக்கிள் ட்யூப்பாட்டம் கீதுன்னாங்க. என் மனசு குளுந்துச்சு. நான் வருத்தப்படுற மாதிரி முகத்தை மாத்திக்கிட்டேன். கண்ணாடி முன்னால நின்னு பழகி வெச்ச முகம் அது.

அக்கா வாயில போட்டாங்க. ஒரு தடவை மென்னாங்க. ரெண்டாவது தடவை மெல்லல. முழுங்கிட்டாங்க. இன்னொண்ணை எடுத்தாங்க. அதையும் முழுங்கினாங்க. அப்புறம் சோத்தைப் பிசைஞ்சு, தலையே நிமிராமச் சாப்பிட ஆரம்பிச்சாங்க. நான் காத்துக்கிட்டு இருக்கேன். அந்த வாயில இருந்து வசவு ஒண்ணும் வரல. கடைசியிலே தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வையேன், பஞ்சாட்டம் கீது. நல்லாத்தான் கீது"ன்னாங்க.

காவேரி அக்கா நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. சரித்திரத்துல முதல் தடவை, அதுவும் என் தலையில.

நான் பாஞ்சு ஒரு துண்டை எடுத்து வாயில போட்டேன். நாக்கு பட்டதும் கரைஞ்சு போச்சு. பயந்து இன்னொண்ணைப் போட்டேன். அதுவும் வெண்ணெய். குழம்புக்குள்ள கரண்டியை விட்டுத் துழாவினேன். எங்க கம்பெனியில ஆயிரத்துல ஒண்ணாவது கெட்டது இருக்கும். இங்க ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு கூட எனக்காக வெறைக்கல. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. காரம்னு நினைச்சு அக்கா தண்ணியைத் தள்ளிவிட்டாங்க. சந்தனமாரி, ட்ரையல் ஓகே, திங்கக்கிழமைக்கு என்ன செய்யலாம்னு அமைதியாக் கேட்டா.

மகாராஜா ரூமும், போர்டும், அந்தச் செவப்புக் காயும் கண்ணு முன்னால வந்துட்டுப் போச்சு. இனி மானத்தைப் பாத்தா ஆகாது. பத்து வருச இன்ஸ்பெக்டர் இல்லையா, கடைசி ஆயுதம் ஒண்ணு என் கையில இருந்துச்சு. பொருள் எவ்வளவு நல்லா இருந்தாலும், சொன்ன முறைப்படி செய்யலைன்னா அந்த லாட்டையே, மொத்தச் சரக்கையே தூக்கி எறியணும். உலகத்துல எந்தக் கம்பெனியிலயும் அதுதான் சட்டம். ஒரு லைன் லீடருக்கு அது தெரியாமலா இருக்கும்.

எந்திரிச்சு நின்னேன்.

"சந்தனமாரி, நான் பொய் சொல்லிட்டேன். நீ சொன்னது ஒரு விசில். நான் விட்டதுக்குக் கணக்கே இல்லை. வேணும்னேதான் விட்டேன். அக்காவைக் கேட்டுப் பாரு. ப்ராசஸைப் பின்பத்தல. அதனால இந்த ட்ரையல் செல்லாது. ரிஜெக்ட்."

அக்கா சாட்சி சொன்னாங்க. ஆமாண்டி, நானே எண்ண முடியாம வுட்டுட்டேன்னாங்க. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். சந்தனமாரி கோவப்படல. ஆச்சரியம் கூடப் படல. தட்டுல இருந்த கடைசிக் கணவாயை எடுத்து வாயில போட்டுட்டு, விரலைச் சூப்பினா.

"பெரிய கணவாய்க்கு அத்தன விசில் விட்டாத்தாங்க வேகும். எங்க அம்மையும் அப்படித்தான் வைப்பா. ஒரு விசில்ல எறக்கினாத்தான் அது ரப்பரு."

நான் நின்ன இடத்துலயே உக்காந்துட்டேன். அப்ப ஏன்டி நீ என்கிட்ட ஒரு விசில்னு சொன்னேன்னு கேட்டேன்.

"நான் சொன்னா நீங்க மாத்தித்தான் செய்வியன்னு எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு நாள், நான் சொன்னதை அப்படியே கேட்டு நடந்திருந்தியன்னா, திங்கக்கிழமை நீங்க கேரம் வெளாடப் போயிருக்கலாம்."